‘போகமாட்டேன்’ என்று சொன்னவள்

நாத்தனாரைப் பற்றி நல்லவிதமாக ஒரு பழமொழி இருந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. மூட்டிவிடுகிறவள், கோள் சொல்கிறவள், தம்பி பெண்டாட்டி சிரித்தால் வயிறு எரிகிறவள் என்றுதான் உலகம் எங்களை எழுதி வைத்திருக்கிறது. அதனால், என் தம்பி பெண்டாட்டி விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டபோது அவள் பக்கம் சாட்சி சொல்ல நான் கூண்டேறியதை எங்கள் சொந்தக்காரர்கள் இன்றுவரை ஜீரணிக்கவில்லை. “தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்வாங்க. உனக்கு ஆடவே இல்லையா அக்கா?” என்று பெரியப்பா மகன் நேரிலேயே கேட்டான். ஆடாமல் என்ன, நிறைய வருஷம் ஆடியது. அவளுடைய சுண்டுவிரலைப் பார்த்த நாளோடு நின்றுவிட்டது.

அவளை நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமான புதிதில் நான் கேலியாகக் கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. தொழில் அது. பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரி கைவிட்டவர்களை, அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு ஏஜென்சி அனுப்பும். கையில் ஒரு பை, வெள்ளைக் கோட்டு, ஒரு மடக்குக் கட்டில். யார் வீடோ, யார் அம்மாவோ, நோயாளிக்குப் பக்கத்தில் அந்தக் கட்டிலை விரித்துவிட்டால் அன்றைக்கு அதுதான் அவள் இடம்.

வேலையில் கெட்டிக்காரி. மருந்துக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று வருஷக்கணக்காக மருந்து விற்கிறவள் நான், இந்தத் தொழிலில் யார் எப்படி என்று எனக்குத் தெரியும். புது வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் நோயாளியின் குதிகாலைத்தான் பார்ப்பாள். படுக்கைப் புண் அங்கேதான் ஆரம்பிக்குமாம். புரட்டிப் படுக்க வைக்கும்போது கையைப் பிடித்து இழுக்கமாட்டாள், விரிப்போடு சேர்த்து மெதுவாக உருட்டுவாள். சிடுசிடுக்கிற கிழவர்கள்கூட அவளிடம் வாயைத் திறந்து மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள்.

அந்தத் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லோரும் செய்கிறார்கள். சாகப்போகிறவர்கள் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவது. என் பையன் கிளம்பிட்டானா? கிளம்பிட்டாருங்க, வழியில இருக்காரு. நான் எழுந்து நடப்பேனா? அடுத்த மாசம் நடக்கலாம். நீ என்னை விட்டுப் போயிடமாட்டியே? நான் எங்க போகப்போறேன், இங்கயேதான் இருப்பேன்.

“வாய் கூசாம பொய் சொல்றியே சிஸ்டர்” என்று ஒருமுறை கேட்டேன்.

“அந்த நேரத்துல அவங்க பதிலா கேக்கறாங்க, அண்ணி? தூங்கணும்னு கேக்கறாங்க. சரின்னு சொன்னா தூங்கிடுவாங்க” என்றாள். அதோடு பேச்சை விட்டுவிட்டு என் காலைப் பார்த்து, நின்றே வேலை செய்கிறேன், வீக்கம் இருக்கிறது என்று திட்டினாள்.

என் தம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் பயிற்சியாளன். முதல்நாள் ஸ்டியரிங் பிடித்து நடுங்குகிற பெண்களிடம் அவன் காட்டுகிற பொறுமையைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். அந்தக் காரில் அவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால்தான் அவ்வளவு பொறுமை. வீட்டில் அந்த பிரேக் இல்லை என்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. பெண்டாட்டி கண்ட கண்ட வீடுகளில் தங்குகிறாள் என்று முதலில் முணுமுணுத்தான். பிறகு, டியூட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில் அவளுடைய வெள்ளைக் கோட்டை எடுத்துத் தண்ணீர் வாளியில் முக்கி வைத்தான். பிறகு கை நீட்டினான். ஒருநாள் அவள் கதவைத் திறந்து வெளியே போகப் பார்த்தபோது, அந்தக் கதவை அறைந்து சாத்தினான். சுண்டுவிரல் நடுவில் மாட்டிக்கொண்டது. இன்றைக்கும் அந்த விரல் மடங்காது. நோயாளியின் கன்னத்தைத் துடைக்கும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

அப்போது எங்கள் அம்மா அதே வீட்டில், அடுப்படியில்தான் இருந்தார். வெளியே வரவில்லை. அம்மா என்பதற்காக அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, கதவில் நானே வைத்து நசுக்கிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறாள். குடும்ப மானம் கப்பலேறக் கூடாது என்று நினைத்தாள். படிக்கிறவர்களில் யாருக்காவது இது உதவும் என்றால் இங்கேயே சொல்கிறேன்: டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் எழுதுகிற ஒரு வரி பின்னால் எந்த வக்கீல் பேச்சையும்விட அதிகம் பேசும். பொய்யைச் சொன்னால் பொய்தான் பேசும்.

அவள் வெளியேறி ஒரு மாடியறையில் வாடகைக்குப் போனாள். ஒரு ஜன்னல், ஒரு குழாய், படியேறினால் மூச்சு வாங்கும். போனதோடு விட்டானா என்றால் இல்லை. அவள் எந்த வீட்டில் டியூட்டி பார்க்கிறாள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு அங்கே போய் வாசலில் நின்று கத்துவான். காவலாளி யாரப்பா நீ என்று கேட்டால், “நான் அவ புருஷன்” என்பான். அந்த ஒரு வார்த்தைக்கு எல்லா வாசலும் திறக்கும். போலீஸில் போய்ச் சொன்னால், புருஷன் பொண்டாட்டி சண்டையில் நாங்கள் எப்படித் தலையிடுவது என்று டீ குடித்துக்கொண்டே கேட்டார்கள். நோயாளி வீட்டுக்காரர்களும் பாவம், சாவுக்குக் காத்திருக்கிற வீட்டில் இந்தக் கூத்து எதற்கு என்று ஏஜென்சிக்குப் போன் போட்டு வேறு ஆளைக் கேட்டுவிடுவார்கள். இப்படியே வீடு வீடாக வேலை போனது.

“எனக்கு ஜீவனாம்சம் வேணாம் அண்ணி, நகை நட்டு எதுவும் வேணாம்” என்று என்னிடம் சொன்னாள். “இந்த ஆள் எனக்கு யாரும் இல்லைன்னு ஒரு காகிதம் வேணும். அதை வாட்ச்மேன்கிட்ட காட்டினா போதும்.”

விவாகரத்து என்றால் ஆளுக்கு ஆள் ஏதேதோ நினைக்கிறார்கள். அவளுக்கு அது ஒரு வாசல் கதவைச் சாத்துகிற உரிமை, அவ்வளவுதான். நான் அன்றைக்குத்தான் வெளிப்படையாக அவள் பக்கம் போனேன்.

அதற்குப் பிறகு யோசனை சொல்ல வந்தவர்களுக்குக் கணக்கில்லை. கல்லானாலும் கணவன் என்று ஆரம்பித்தார் ஒரு சித்தி. கல்லாக இருந்தால் பரவாயில்லையே சித்தி, அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும் என்றேன். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடு, நானே முடித்துத் தருகிறேன் என்றான் ஒரு தூரத்து உறவு. நல்லவேளை, அவள் போடவில்லை. கடைசியில் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிற இலவச சட்ட உதவி மையத்துக்குத்தான் போனோம். அங்கே வந்து சேர்ந்தவர்தான் எங்கள் வக்கீலம்மா. கழுத்தில் எப்போதும் ஒரு கைக்குட்டை, தொண்டைக் கட்டு. சிரிக்கமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தை இரண்டு தடவை கேட்டாலும் மூன்றாவது தடவை பொறுமையாகச் சொல்வார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்மா. அவர் கையெழுத்துப் போடுவாரா?” என்று முதலில் கேட்டார். என் தம்பியிடம் நானே போய்ப் பேசினேன். நான் தப்புப் பண்ணினவன்னு நானே கையெழுத்துப் போடணுமா, அதுமட்டும் நடக்காது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மேல் ஆசை இருந்து பிடித்து வைத்திருந்தாலும் ஒரு நியாயம் இருக்கும். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் மட்டும்தான்.

அதனால் கொடுமை என்ற காரணத்தைக் காட்டித் தனியாக மனுப் போட வேண்டியதாயிற்று. “கொடுமையை நிரூபிக்கணும். அதோட அந்தக் கொடுமையை நீ மன்னிக்கலைன்னும் தெரியணும்” என்றார் வக்கீலம்மா. “மன்னிச்சு மறுபடி சேர்ந்து வாழ்ந்துட்டா, பழைய கொடுமையைச் சொல்லி விவாகரத்து கேக்க முடியாது. அவர் போன் பண்ணினா எடுக்காத. கோபத்துலகூட எதுவும் எழுதி அனுப்பாத. எந்த முடிவா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போட்டுட்டுச் செய்.” அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நடுவில் கவுன்சலிங் என்று அனுப்பினார்கள். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா என்றார் அங்கே இருந்தவர். அவள் சுண்டுவிரலை மேஜைமேல் வைத்தாள். அவர் ஃபைலை மூடினார்.

வழக்கு நடக்கும்வரை அவள் வேலை செய்கிற இடத்துக்கு அவன் வரக்கூடாது என்று ஓர் இடைக்கால உத்தரவு கிடைத்தது. அதை மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்திருந்தாள். அந்த உத்தரவு இருந்த மாதங்களில்தான் அவள் கொஞ்சம் சதை போட்டாள். ஒருநாள் கடைக்கு வந்து, ஒரே வீட்டில் ஒரு நோயாளியைக் கடைசிவரை பார்த்து முடித்தேன் அண்ணி என்று சொன்னாள். சாவைப் பற்றி இப்படி நிம்மதியாகச் சொல்கிறாளே என்று எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது. வழக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரம்.

அப்போது அம்மா படுத்துவிட்டார். கல்லீரலில் கட்டி, பரவிவிட்டது. ஆஸ்பத்திரி வழக்கம்போல வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றது. ஏஜென்சி இரண்டு பேரை அனுப்பியது. முதல் பெண் போனிலேயே இருந்தாள். அடுத்தவள் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப் புரட்டினாள். அம்மா யாரையும் கேட்கவில்லை, போனை எடுத்து அவரே மருமகளைக் கூப்பிட்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் சாயங்காலம் கடையிலிருந்து போனபோது, சிஸ்டர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மடக்குக் கட்டில் விரித்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“வக்கீலம்மாகிட்ட சொன்னியா?”

“இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு அண்ணி? டியூட்டிதானே.”

“இது அவன் வீடு.”

“எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணுக்குத் தெரியுது. குதிகால் ரெண்டும் சிவந்து போச்சு. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான். தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எப்படி வராம இருக்கறது?”

எத்தனை வீடுகளில் தங்கியிருப்பாள், எத்தனை அடுப்புகளில் சமைத்திருப்பாள். இதையும் அந்த வரிசையில் ஒன்றாகத்தான் நினைத்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்தப் படியை மிதித்திருக்கமாட்டார்கள், அல்லது மிதிப்பதற்கு முன் நூறு தரம் யோசித்திருப்பார்கள். நோயாளி என்று ஒருத்தர் கிடந்தால் சிஸ்டருக்கு வீட்டின் சொந்தக்காரன் யார் என்பதே மறந்துவிடும்.

தம்பி அந்த வாரங்களில் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தான், அதையும் சொல்ல வேண்டும். அம்மாவின் வாந்தியைப் பிடிக்க ஒருநாள் அவனே பாத்திரத்தை ஏந்தினான். முன்னறையில் படுத்துக்கொள்வான். அம்மாவுக்கு அவள் சூப் வைக்கும்போது வீட்டுக்கும் சேர்த்துச் சாப்பாடு வைத்துவிடுவாள், அவன் தட்டில் போட்டுக்கொண்டு தலையைத் தூக்காமல் சாப்பிடுவான். அவளிடம் அவன் பேசியது நான் கேட்கவில்லை. அவளும் பேசவில்லை. நல்ல சாவு வீடு ஒன்றில் எல்லோரும் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள்.

ஒரு மத்தியானம். வெயில் ஜன்னல் வழியாக வந்து அம்மாவின் போர்வைமேல் விழுந்திருந்தது. நான் இருந்தேன், பெரியப்பா மகன் பார்க்க வந்திருந்தான், பக்கத்து வீட்டம்மா மோர் கொண்டு வந்து நின்றிருந்தார். அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. மகனைக் கூப்பிடச் சொன்னார். அவன் வந்ததும் அவன் கையைப் பிடித்து, இன்னொரு பக்கம் மருமகளின் கையைத் தேடிப் பிடித்து, இரண்டையும் தன் வயிற்றின்மேல் ஒன்றாக வைத்தார். வயிறு வீங்கி இறுகிக் கிடந்தது.

“இனிமே இவனை விட்டுட்டுப் போகமாட்டேன்னு சொல்லும்மா.”

சிஸ்டரின் இன்னொரு கை அம்மாவின் நாடியில் இருந்தது. அவள் பார்வையும் அங்கேதான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவள் என் தம்பியைப் பார்க்கவே இல்லை.

“போகமாட்டேன் அத்தை” என்றாள்.

“நிஜமா?”

“நிஜமா. இங்கயேதான் இருப்பேன். நீங்க தூங்குங்க.”

அம்மா தூங்கினார். வாரக்கணக்கில் வலியில் முனகிக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் முகம் தளர்ந்து தூங்கினார். மறுநாள் காலை போய்விட்டார். சிஸ்டர் உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டிவிட்டு, எல்லாம் முடிந்த அன்றே மடக்குக் கட்டிலையும் பையையும் எடுத்துக்கொண்டு மாடியறைக்குப் போய்விட்டாள்.

தம்பிக்கு அது முதுகில் குத்தியதுபோல ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சொன்ன வாக்கை அவன் மனசார நம்பியிருக்கிறான். அழுதுகொண்டே தன் வக்கீலிடம் போய்ச் சொன்னான். அந்த வக்கீலுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அடுத்த விசாரணையில் சிஸ்டரைக் கூண்டில் ஏற்றினார்கள். அவன் பக்கத்து வக்கீல் அதட்டுகிற ரகம் கிடையாது. மருந்து குடிக்க வைக்கிற அம்மா மாதிரி மெல்லிய குரல்.

“நீங்க உங்க கணவர் வீட்டுல வந்து தங்கினீங்களாம்மா?”

“அத்தையைப் பாத்துக்கத் தங்கினேன்.”

“தங்கினீங்க. ஏஜென்சி அனுப்பிச்சுதா?”

“இல்லங்க. நானா போனேன்.”

“சமைச்சீங்களா? உங்க கணவர் அதைச் சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாரு.”

“உங்க மாமியார் உங்க ரெண்டு பேர் கையையும் சேர்த்து வெச்சு, இவனை விட்டுப் போகமாட்டேன்னு சொல்லச் சொன்னாங்க. நீங்க போகமாட்டேன்னு சொன்னீங்க. மூணு சாட்சி இருக்கு. சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன்.”

எங்கள் வக்கீலம்மா எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தானே கேட்டார். அவரும் கெட்டவர் இல்லை. அவளுக்கு ஒரு வழி திறந்து விடத்தான் கேட்டார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

“மனசார சொன்னீங்களாம்மா?”

“இல்லங்கய்யா. சாகப்போறவங்ககிட்ட அப்படித்தான் சொல்வோம்.”

“சொல்வோம்னா?” என்றார் அந்த மெல்லிய குரல் வக்கீல். “இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கீங்களா?”

“சொல்லியிருக்கேன்.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும்.”

தட்டச்சு செய்கிற பெண் அதை அப்படியே தட்டினாள். வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. ஆஸ்பத்திரி சீட்டை எடுத்துக் காட்டினார். “விரல்ல அடிபட்டப்போ நானே கதவுல நசுக்கிக்கிட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க. இப்ப அது பொய்னு சொல்றீங்க. மாமியார்கிட்ட சொன்னதும் பொய்னு சொல்றீங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன்னும் சொல்றீங்க. இந்தக் கோர்ட்டுல நீங்க சொல்றதுல எதைம்மா நாங்க நம்பணும்?”

கூண்டின் கட்டைமேல் அவள் வைத்திருந்த கையில் அந்தச் சுண்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து போய் அந்த ஆளின் கோட்டைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது.

பிறகு என்னை ஏற்றினார்கள். அவன் அடித்ததை, கோட்டை வாளியில் முக்கியதை, வாசலில் நின்று கத்தியதை எல்லாம் சொன்னேன். அவள் என் அம்மாவுக்கு நர்ஸாகத்தான் வந்தாள், அவனுக்குப் பெண்டாட்டியாக வரவில்லை என்றும் சொன்னேன். அந்த வக்கீல் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அன்னைக்கு அவங்க போகமாட்டேன்னு சொன்னப்போ, நீங்களே நம்பினீங்களா?” இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். “அப்ப உங்க அம்மா மட்டும் ஏன் நம்பினாங்க?” என்றார். அம்மா நம்பினால்தான் தூங்க முடியும் என்பதை அந்த அறையில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

மனு தள்ளுபடி. கொடுமை நடந்திருந்தாலும் மனுதாரர் தானாக வந்து ஒரே கூரையின்கீழ் தங்கி, சேர்ந்து வாழ்வதாக வாக்கும் கொடுத்து அதை மன்னித்துவிட்டார் என்று தீர்ப்பு. வழக்கு போனதோடு இடைக்கால உத்தரவும் போயிற்று. வக்கீலம்மா வராந்தாவில் ஒரு தூண் ஓரமாக எங்களை நிறுத்தி விளக்கினார். கோபத்தைக் காட்டவில்லை, ஆனால் கைக்குட்டையைக் கழற்றிக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“அன்னைக்கு ஒரு போன் பண்ணியிருந்தா போதும்மா. மாமியாருக்கு உடம்பு முடியலை, நர்ஸா பாத்துக்கப் போறேன், வழக்கை விட்டுக்கொடுக்கலைன்னு ஒரு மெமோ போட்டுட்டு உன்னை நானே அனுப்பியிருப்பேன். போகாதன்னு சொல்லியிருக்கமாட்டேன்.”

“எனக்குத் தோணவே இல்லங்க” என்றாள் சிஸ்டர்.

“சரி, முடிஞ்சதைப் பேச வேணாம். அப்பீல் போடுவோம், அதுக்குக் கெடு இருக்கு, தீர்ப்பு நகல் உடனே வாங்கணும். பாதுகாப்பு கேட்டு வேற மனு தனியா போடுவோம், அது கிடைக்க நாளாகும். பிரிஞ்சிருக்கோம்னு காட்டிப் புது வழக்குப் போடலாம், ஆனா எவ்வளவு காலம் பிரிஞ்சிருக்கீங்கங்கற கணக்கு உன் மாமியார் இறந்த நாள்லேர்ந்து மறுபடி புதுசா ஆரம்பிக்கும்.” அப்புறம் அவள் தோளைத் தொட்டார். “இன்னொண்ணு. நீ வேலை செய்யற இடத்துல யார் என்ன கேட்டாலும் வாக்கு மட்டும் குடுக்காத. சும்மா ஆறுதலுக்குன்னுகூட வேணாம். எல்லார்கிட்டயும் பொய் சொல்றவள்னு பதிவாயிடுச்சு. அப்பீல்ல அதைத்தான் பிடிப்பாங்க. உண்மையா இருந்தா சொல்லு, இல்லன்னா பேசாம இரு.”

நல்ல யோசனைதான். நான் வக்கீலாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவள் தலையாட்டினாள், இந்த முறை உண்மையாகவே கேட்டுக்கொண்டாள் என்று தெரிந்தது.

படியிறங்கும்போது தம்பி கீழே நின்றிருந்தான். ஜெயித்தவன் முகமாக அது இல்லை. “வா, வீட்டுக்குப் போகலாம். அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்க” என்றான், ஏதோ தொலைந்த சாவியைக் கேட்கிற குரலில். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போனாள். அவன் என்னைப் பார்த்தான், நானும் சுற்றிக்கொண்டு போனேன். பத்தடி போனதும் பின்னாலிருந்து கத்த ஆரம்பித்தான். அது பழக்கமான குரல்.

சில மாதங்கள் கழித்து அவள் கேட்டிருந்த மருந்துகளை எடுத்துக்கொண்டு, அவள் டியூட்டி பார்க்கிற வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று கேட்டான். சொன்னேன். “அந்த நர்ஸம்மாவா? நேத்துகூட அவங்க வீட்டுக்காரரு வந்திருந்தாரு, மேல அனுப்பிவிட்டேன்” என்றான். ஏதோ உபகாரம் செய்துவிட்டவன்போலச் சிரித்தான். அவனைத் திட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை.

மேலே ஓர் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. நுரையீரல் முடிந்துவிட்டது, மூக்கில் குழாய். மகள் அடுத்த அறையில் யாரிடமோ போனில், இந்த நர்ஸை மாற்றித் தரச் சொல்லித் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டருக்கும் அது காதில் விழுந்திருக்கும். அவள் மருந்தை வாங்கி வைத்துவிட்டு, டீச்சரம்மாவை விரிப்போடு சேர்த்து மெதுவாக உருட்டிப் படுக்க வைத்தாள். குதிகாலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தாள். கை அதே கைதான்.

டீச்சரம்மா மெலிந்த கையால் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை இழுக்க வேண்டியிருந்தது.

“நீ… என்னை விட்டுட்டுப் போயிடமாட்டியே?”

சிஸ்டர் போர்வையை இழுத்துவிட்டாள். மடிப்பை நீவினாள். நீவியதையே மறுபடி நீவினாள்.

“சொல்லேன். போயிடமாட்டியே?”

“அது என்னால சொல்ல முடியாதும்மா” என்றாள்.

டீச்சரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து, “இருப்பாங்கம்மா, இங்கயேதான் இருப்பாங்க, நீங்க தூங்குங்க” என்றேன். டீச்சரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கேட்டது என்னிடம் இல்லையே. கோட்டைப் பிடித்த பிடியை விடாமல், கண்ணைத் திறந்து வைத்தபடியே கிடந்தார். நான் கிளம்பும்வரை தூங்கவில்லை.